பேச்சியம்மாள் கேட்டது

போன மாதம் தென்காசியில், சட்ட உதவி மையத்துக்குப் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவள், வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சட்டப் பிரிவுகளையெல்லாம் வக்கீல்கள் சொல்லி முடித்திருந்தார்கள். என் முறை வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து, "அக்கா, உங்க சர்வீஸ்ல நீங்க மலைச்சுப் போயி நின்ன கேஸ் எதுக்கா? அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள்.

பாதிதான் சொல்ல முடிந்தது. சாம்பார் ஆறுகிறது என்று ஆள் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தட்டச்சில் ஹையர், சுருக்கெழுத்தில் லோயர் முடித்து, தேர்வெழுதி, நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள் நான். முதலில் சங்கரன்கோவில், பிறகு செங்கோட்டை, அப்புறம் தென்காசி. சாட்சி மூச்சு வாங்குகிற இடைவெளியில் அவர் சொன்னதை அடித்து முடிக்க வேண்டும். அதைப் பழகவே சில வருஷம் ஆனது. கூண்டில் நிற்பவர்களின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைப் பார்க்க நேரம் இருந்ததில்லை. சட்ட உதவி மையத்துக்கு மாற்றல் ஆன பிறகுதான் மனிதர்களின் முகத்தைப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன்.

கோர்ட் வளாகத்திலேயே ஓர் ஓரத்தில் இரண்டு அறைகள், முன்னால் ஒரு வராந்தா. அவ்வளவுதான் எங்கள் மையம். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே உதவி கேட்க ஓர் இடம் இருக்கிறது என்பது இன்றைக்கும் நம் ஊர்ப்பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. பெண்கள், பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் என்று யார் வந்தாலும் காசு வாங்காமல் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். வழக்குப் போடாமலே தீர்க்க வழி இருந்தால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு ஒரு மேசையில் உட்கார வைப்பார்கள். ஆனால் வருகிறவர்கள் நேரே உள்ளே வந்துவிட மாட்டார்கள். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "என்னம்மா வேணும்?" என்று கேட்டால், "இது ஆதார் கார்டு ஆபீசா?" என்பார்கள். அப்படிக் கேட்டவர்களை மட்டும் நான் திருப்பி அனுப்பவே மாட்டேன். ஆதாருக்கு வந்தவர் முகம் அப்படி வெளிறி இருக்காது.

வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். சம்மனைப் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று புனலூரில் மகள் வீட்டில் போய் ஒளிந்திருந்தாராம். எங்கள் நீதிபதி அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஐயா, நீங்க குற்றவாளி இல்ல. சாட்சி. ரெண்டு பேரு சண்டை போட்டதை நீங்க பாத்தீங்கன்னு எழுதியிருக்கு" என்றார்.

"பாத்தேம்மா. ஆனா நான் அடிக்கலியே!"

"அதைத்தான் வந்து சொல்லச் சொல்றாங்க."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் வீட்டுக்குப் போலாமாம்மா?" என்று கேட்டார். தன் சொந்த வீட்டுக்குப் போவதற்கு அனுமதி கேட்ட அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் நீதிபதி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலம் பக்கத்துக்காரர். மையம் அவர் பொறுப்பில் இருந்தது. மேசைக்குப் பின்னால் அவருக்கென்று உயரமான நாற்காலி ஒன்று உண்டு. ஆள் வந்தால் அதிலிருந்து எழுந்து வந்து, வந்தவருக்குப் பக்கத்தில் சாதாரண நாற்காலியில் உட்காருவார். செல்போனைக் கவிழ்த்து வைப்பார். பேனா மூடியைத் திறக்க மாட்டார். எல்லாரும் "என்ன நடந்தது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர், "உங்களுக்கு என்ன நடக்கணும்?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்துப் போகாதவர்களை நான் பார்த்ததே இல்லை. வருகிறவர்கள் தங்களுக்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து வந்திருக்க மாட்டார்கள். சிலர் அழுவார்கள். சிலர், "தெரியலம்மா" என்பார்கள். "யோசிங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் காத்திருப்பார். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். ஒரு மனுஷி இன்னொரு மனுஷருக்காக அப்படிக் காத்திருக்க முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள் ஓர் ஆட்டோக்காரர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசுதேவநல்லூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். சுடலைமுத்து என்று பெயர். தங்கைக்கு முப்பது வயது இருக்கலாம். வலது புருவத்தில் பழைய தழும்பு ஒன்று. நிமிர்ந்து உட்கார்ந்து, அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந் தங்கச்சிம்மா. பேரு பேச்சியம்மா. பேச்சு வராது, காதும் கேக்காது. பொறவியிலயே அப்படித்தான். கொலசாமி பேர வச்சாச்சு, பெறவுதான் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்தார் சுடலைமுத்து. ராயகிரியில் கட்டிக் கொடுத்திருந்தார்களாம். நெல் விவசாயக் குடும்பம். புருஷன் நல்லவன். கிணற்று மோட்டாரில் கரண்டு அடித்து இறந்துபோனான். "பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட, ஒரு மாசம் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வரட்டும்னு அனுப்பிச்சாக. அதோட சரி. திரும்பக் கூப்புடல. ஒண்ணாங்கிளாஸ் படிக்க பொம்பளப்பிள்ள ஒண்ணு, அதையும் அவுகளே வச்சுக்கிட்டாக. சிவகிரியிலயே கோர்ட் இருக்கும்மா. அங்கன போனா சொந்தக்காரன் கண்ணுல பட்டுரும்னு இங்கன வந்தோம். வீட்டுல, வயல்ல இவ பங்க வாங்கித் தரணும்."

நீதிபதி அம்மா பேச்சியம்மாளின் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன நடக்கணும்?" என்று கேட்டார்.

"அதாம்மா, பங்கு" என்றார் சுடலைமுத்து.

"நீங்க சொன்னது புரிஞ்சுது. நான் அவங்களைக் கேட்டேன்."

"அவளுக்கு என்னம்மா தெரியும்? கூடப் பொறந்தவன் நான் சொல்லுதேம்லா."

"இதை யாராவது இதுக்கு முன்னாடி இவங்களைக் கேட்டிருக்காங்களா?"

சுடலைமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. யோசித்தார். பிறகு, "இல்லம்மா. எப்படிக் கேக்கதுன்னும் தெரியாது. சாப்பிடு, வா, போ, தூங்கு. எங்களுக்குள்ள இம்புட்டுத்தான்" என்றார்.

அம்மா பேனா மூடியைத் திறக்கவே இல்லை. "அப்ப இவங்க சொன்ன பிறகுதான் மனு" என்றார்.

திருநெல்வேலியிலிருந்து, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற ஆசிரியை ஒருவரை வரவழைத்தோம். அவர் பேச்சியம்மாளோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு வியப்பு. "மேடம், இவங்க பள்ளிக்கூடமே போனதில்ல. நாங்க சொல்லிக் கொடுக்குற சைகை மொழி இவங்களுக்குத் தெரியாது. ஆனா இவங்ககிட்ட ஒரு மொழி இருக்கு, முழுசா இருக்கு. ஒரே அசைவு ஒரே அர்த்தத்துல திரும்பத் திரும்ப வருது. கேள்விக்கு ஒரு முகம், நேத்துக்கு ஒரு திசை, நாளைக்கு ஒரு திசை. தனியா இருந்தா இது வராது. யாரோடயோ தினமும் பேசியிருக்காங்க. அந்த ஆளைக் கண்டுபிடிங்க."

சுடலைமுத்துவைக் கேட்டோம். வீட்டில் அப்படி யாரும் இல்லை. அப்புறம் தயங்கி, "சின்னப்பிள்ளையில இருந்து புளியங்குடி எலுமிச்ச மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போவா. கல்யாணத்துக்குப் பெறவும் போனா. புருசன் போனதுல இருந்துதான் நாங்க அனுப்புறதில்ல" என்றார்.

மறுநாள் நான் புளியங்குடிக்குப் போனேன். கமிஷன் கடையின் பின்பக்கம், குவித்துக் கிடந்த எலுமிச்சம்பழங்களைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், அழுகல் தனி. "ராயகிரி பேச்சியம்மாளத் தெரியுமா?" என்று கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கையில் பழத்தோடு இருந்த அத்தனை பேரும், ஒரே நேரத்தில், இன்னொரு கையால் தங்கள் வலது புருவத்தைத் தொட்டார்கள்.

"அதாங்க்கா இங்கன அவ பேரு" என்றாள் அவர்களில் ஒருத்தி. ரோசம்மாள். பேச்சியம்மாளுக்குப் பக்கத்து இடம் எப்போதும் அவளுடையதாம். "அவ எங்க போனா? புருசன் செத்ததுக்கு நாங்க எல்லாரும் போனோம். பெறவு ஆளையே காணோம். நல்லா இருக்காளா?" விஷயத்தைச் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "இப்பவே வரணுமா, நாளைக்கா?"

மறுநாள் மையத்துக்குள் ரோசம்மாள் நுழைந்ததும் பேச்சியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு பேரும் எட்டடி தள்ளி நின்றபடியே பேச ஆரம்பித்தார்கள். கட்டிப்பிடித்தால் கை கட்டுப்பட்டுவிடும் அல்லவா. பேச்சியம்மாளின் கைகள் போன வேகத்தைப் பார்த்து, இத்தனை மாதமாக இவ்வளவையும் எங்கே வைத்திருந்தாள் என்று நாங்கள் திகைத்துப் போனோம். சுடலைமுத்து சுவரில் சாய்ந்து நின்றார். "கூடப் பொறந்து முப்பது வருசமாச்சு. இப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாதே" என்று முணுமுணுத்தார்.

அம்மா அதிலேயே மயங்கிவிடவில்லை. ரோசம்மாள் சொல்வது பேச்சியம்மாள் சொன்னதுதானா, ரோசம்மாளின் ஆசையா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். என்னிடம், "இவங்களை வெளியே கூட்டிட்டுப் போங்க. எதையாவது பாக்கட்டும். வந்து சொல்லட்டும்" என்றார். ரோசம்மாள் உள்ளேயே இருந்தாள். அன்றைக்கும் வந்திருந்த ஆசிரியை அவளோடு இருந்தார். நான் பேச்சியம்மாளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். வேப்பமரத்தடியில் ஒரு வக்கீல் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை. மதில் சுவரில் ஓர் ஆடு பின்னங்காலில் நின்று போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது.

உள்ளே வந்து பேச்சியம்மாள் கைகளை அசைத்தாள். ரோசம்மாள் சிரித்துவிட்டாள். "ஒரு குண்டு வக்கீலு வண்டிய மிதிக்காராம், மிதிக்காராம், ஸ்டார்ட் ஆவலியாம். வேர்த்துப்போயி கோட்டக் கழட்டுதாராம். ஆடு நோட்டீஸத் திங்குதாம். மூஞ்சிய விட்டுட்டு வேட்டியில இருந்து திங்குதாம்."

வேட்டியிலிருந்து தின்றதை நான் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். போஸ்டரில் யாரோ ஒரு தலைவரின் இடுப்புக்குக் கீழே சுவர்தான் இருந்தது. அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேச்சியம்மாளுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பழைய கேள்வியைக் கேட்டார். ரோசம்மாள் அதைக் கைகளால் சொன்னாள்.

பேச்சியம்மாள் அண்ணனைப் பார்த்தாள். எங்கள் எல்லாரையும் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் குவித்து, அதற்குள் ஏதோ இருப்பதுபோல் காட்டினாள்.

"எலுமிச்சம்பிஞ்சு. அவ மகளுக்கு அவ வச்ச பேரு" என்றாள் ரோசம்மாள்.

பேச்சியம்மாள் இடதுகை விரல்களை விரித்து அசைத்தாள். சின்னப்பிள்ளை பேசுவது போல வேகமாக, குழறலாக அசைத்தாள். அப்போது வலது கை வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அமுக்கியது. ஒரு விரல் எழுந்தது. வலது கை அதை அடித்தது. மறுபடி எழுந்தது. மறுபடி அடித்தது. கடைசியில் இடதுகை முழுதும் மூடி, முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ரோசம்மாள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பிள்ளையக் கையால பேசக் கூடாதுன்னு அடிக்காகளாம்மா. பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைங்க கேலி பண்ணுதுகன்னு சொல்லி, கொழுந்தன் அடிக்கானாம். இவ ராயகிரிக்குப் போயி தெருவுல நின்னிருக்கா. ஜன்னல் வழியா பிள்ள கை காட்டிருக்கு. இவ கண்ணு முன்னாலயே அடிச்சிருக்கான். போன வாரம் போனப்ப, பிள்ள பாத்துச்சாம், கைய எடுக்கலியாம்." பேச்சியம்மாள் கைகளால் தொடர, அவள் சொல்லச் சொல்ல ரோசம்மாள் எங்களுக்குச் சொன்னாள். "வீடு வேண்டாங்கா. வயல் வேண்டாங்கா. எம்பிள்ள பேச்ச மறந்துரும்ங்கா. மறந்துட்டா அது இவள விட்டுப் போயிரும்ங்கா. எங்க இருந்தாலும் போனதுதாங்கா. அதுக்கு முன்னால வேணும்ங்கா."

நான் எத்தனையோ வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவள். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லாமல் அது சொல்லப்பட்டது.

அம்மா பேனா மூடியைத் திறந்தார்.

இரண்டு வழிகள் இருந்தன. பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கக் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போடலாம். மையத்தின் பட்டியலிலிருந்து அம்மா ஒரு வக்கீலை நியமித்து, அந்த மனுவை எழுதித் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் வழக்கு என்றால் வாய்தா, எதிர்மனு, விசாரணை என்று காலம் போகும். பிள்ளை மறந்துவிடும் என்பதுதான் இவளுடைய பயமே. அதனால் முதலில் எதிர்த்தரப்பை வரச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவது, பேச்சு முறிந்தால் மறுநாளே மனுவைத் தாக்கல் செய்வது என்று முடிவாயிற்று. இன்னொன்றும் சொன்னார்: "வீடு வேண்டாம்னு அவங்க சொல்றது பயத்துல. வீட்டை விட்டுக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினா அது பேரம். அப்படி ஒரு வரி இந்த ஆபீஸ்ல எழுதக் கூடாது."

குறித்த நாளில் ராயகிரியிலிருந்து வந்தார்கள். கொழுந்தன் ராமர், அவர்கள் தரப்பு வக்கீல், மாமியார் வெள்ளத்தாய். வெள்ளத்தாய் ஒடிந்து விழுவது போல மெலிந்திருந்தாள். மருமகளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ராமர்தான் பேசினார். "எங்களுக்கு அவ மேல பகை ஒண்ணும் கிடையாதும்மா. ஆனா காது கேக்காதவ எப்படிப் பிள்ளைய வளப்பா? ராத்திரி காய்ச்சல்ல கத்துனா கேக்குமா? கிணத்துப் பக்கம் போயி 'எம்மா'ன்னு கூப்பிட்டா தெரியுமா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நீங்களா பதில் சொல்லுவீய?"

கேள்வி நியாயமானதுதான் என்று எனக்கும் பட்டது. ரோசம்மாள் ஒரு வார்த்தை விடாமல் அதைப் பேச்சியம்மாளுக்குச் சொன்னாள். பேச்சியம்மாள் எழுந்தாள். வெயிலுக்கு நான் தோளில் போட்டிருந்த துண்டைக் கேட்டு வாங்கினாள். அதைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை அந்தத் துண்டின்மேல் வைத்தாள்.

கை மெல்ல ஏறி இறங்கியது. பிள்ளை மூச்சு விடுகிறது. ஏறி இறங்கியது. திடீரென்று உள்ளங்கைக்குக் கீழே ஒரு நடுக்கம். கண் திறந்தது. எழுந்து பிள்ளையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள், பால் கொடுத்தாள், தட்டினாள், கிடத்தினாள். மறுபடி கை பிள்ளையின் வயிற்றின்மேல். இந்தத் தடவை மூச்சு வேகமாக, குட்டி குட்டியாக ஏறி இறங்கியது. கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். காய்ச்சல். எழுந்தாள், துணியை நனைத்தாள். ஒரு ராத்திரி முழுவதையும் அவள் எங்கள் மேசைமேல் நடத்திக் காட்டினாள். படுத்திருந்த நேரமெல்லாம் அந்தக் கை அந்தத் துண்டை விட்டு விலகவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மா வெள்ளத்தாயிடம் திரும்பினார். "பெரியம்மா, நீங்க அதே வீட்டுலதானே இருந்தீங்க. இவங்க காட்டுனது நெஜமா?"

அம்மா காத்திருந்தார். வழக்கம்போல, கடிகாரத்தைப் பார்க்காமல். ராமர் ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்மா" என்றாள் வெள்ளத்தாய் கடைசியில். "பிள்ள சிணுங்குனா எந்திரிச்சு ஓடுவேன். நான் போறதுக்குள்ள அவ மடியில போட்டுருப்பா. ஒரு நாளு கூட நான் முந்துனதில்ல."

"எம்மா!" என்றார் ராமர்.

"சும்மா கெடலே. கண்டதத்தான் சொல்லுதேன்."

ரோசம்மாள் அதைக் கையால் சொன்னாள். பேச்சியம்மாள் மாமியாரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அம்மா செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும், "பாத்தீங்களா, உங்க பக்கமே ஒத்துக்கிட்டாங்க" என்று ராமரை மடக்கியிருப்பார்கள். அம்மா நாற்காலியை வெள்ளத்தாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு என்ன நடக்கணும்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். வெள்ளத்தாய் உடைந்துவிட்டாள். "எம்மவன் சாடை அந்தப் பிள்ள மூஞ்சியிலதாம்மா இருக்கு. இவள இவ அண்ணன் வேற எடத்துல கட்டிக் கொடுத்துருவான். பிள்ளையும் போயிரும். நான் எம்மவன எங்க போயிப் பாப்பேன்? தெனமும் பாக்கணும்மா. அம்புட்டுத்தான். வேற ஒண்ணுக்கும் நான் இங்க வரல."

ரோசம்மாள் கையால் சொல்லி முடிக்கும் முன்பே பேச்சியம்மாள் தலையை ஆட்டிவிட்டாள். தான் எங்கேயும் போகவில்லை, தன் வீடு அதுதான் என்று அவள் காட்டியதை ரோசம்மாள் சொல்லாமலே நாங்கள் எல்லாரும் புரிந்துகொண்டோம்.

பெற்றவளே அப்படிச் சொன்ன பிறகு ராமரும் மறுக்கவில்லை; எழுதுவதுதான் பாக்கி. பேச்சியம்மாள் ராயகிரி வீட்டில், தெருப்பக்க அறையில், தனி வாசலும் தனி அடுப்புமாக இருப்பாள். பிள்ளை தாயோடு இருக்கும். பாட்டி எப்போதும்போலப் பார்க்கலாம், வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் வயலிலும் தாய்க்கும் மகளுக்கும் உள்ள பாத்தியம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு ஷரத்தையும் அம்மா வாசிக்க, ரோசம்மாள் கையால் சொல்ல, பேச்சியம்மாள் அதைத் தன் கையால் திருப்பிச் சொல்ல, அதை ரோசம்மாள் மறுபடி வாயால் சொன்னாள். பொருந்தினால்தான் அடுத்த வரி. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், வைத்து உத்தரவாக்கிவிட்டால் கோர்ட் தீர்ப்புக்குச் சமம் என்பதையும் அப்படியே விளக்கினார்.

கடைசி ஷரத்தை அம்மா எனக்குச் சொன்னார்: "குழந்தை தன் தாயுடன் கைகளால் பேசுவதை யாரும் எக்காரணம் கொண்டும் தடுக்கக் கூடாது."

என் விரல்கள் கீ போர்டில் நின்றுவிட்டன. இத்தனை வருஷத்தில் நான் அடிக்காத வரி அது. "அடிங்கம்மா" என்றார் அவர். அடித்தேன்.

கையெழுத்துப் போடுகிற நாளில் பிள்ளையையும் கூட்டி வந்தார்கள். கார்த்திகா என்று பெயர். இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டியிருந்தது. தாயைக் கண்டதும் ஓடி வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அது வாசலிலேயே நின்றுவிட்டது. பேச்சியம்மாள் முட்டி போட்டு உட்கார்ந்து கைகளை அசைத்தாள். பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பேச்சியம்மாள் மறுபடி அசைத்தாள். பிள்ளை அசையவில்லை. மறந்துவிட்டதோ என்று பயந்தேன். ரோசம்மாள் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மெல்லத் தலையைத் திருப்பிச் சித்தப்பாவைப் பார்த்தது.

ராமருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது. பிள்ளையிடம், "பேசுட்டி. சித்தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேசு" என்றார்.

கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தன. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு கார்த்திகா தன் வலது உள்ளங்கையைத் தன் வயிற்றின்மேல் வைத்தது. வைத்தபடியே தாயைப் பார்த்தது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் அம்மா.

"'அம்மா'ங்குதும்மா" என்றாள் ரோசம்மாள். "இவளுக்கு அது வச்ச பேரு அதாம்மா."

வயிற்றின்மேல் ஒரு கை. காது கேட்கிற நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பேச்சியம்மாள் பிள்ளையை வாரி எடுக்கவில்லை. எடுத்தால் பேச முடியாதே. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, விட்டுப்போன அத்தனை மாதங்களையும் இரண்டு பேரும் பேசித் தீர்த்தார்கள். கோர்ட் மணி அடித்தது. ஒருவரும் அவர்களை எழுப்பவில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம் சீசன் நன்றாக இருந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த என் தங்கையைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். பேரருவியில் தண்ணீர் அடர்ந்து விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பகுதியில் நல்ல கூட்டம். தங்கை என் காதோடு வாயை வைத்து ஏதோ கத்தினாள். ஒன்றும் விளங்கவில்லை. நான் கத்தியது அவளுக்கும் விளங்கவில்லை. சுற்றிலும் எல்லாப் பெண்களும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தி சொல்வது ஒருத்திக்கும் எட்டவில்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவே, கம்பிக்கு அந்தப் பக்கம், பேச்சியம்மாளும் கார்த்திகாவும் அருவிக்குக் கீழே நின்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் ஏதோ கேட்டது. தாய் பதில் சொன்னாள். மகள் மறுத்தது. தாய் சிரித்தாள். தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் இடியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. ஓரத்தில் நனைந்த சேலையோடு நின்ற வெள்ளத்தாய், விறைத்த விரல்களால் பேத்தியிடம் எதையோ காட்டினாள். கார்த்திகா அவள் விரலைப் பிடித்து, அப்படியில்லை, இப்படி என்று திருத்திவிட்டது.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பேச்சியம்மாள் என்னைக் கண்டுகொண்டாள். முகமெல்லாம் மலர, கையைத் தூக்கி என்னிடம் என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. கார்த்திகா தண்ணீரிலிருந்து ஓடி வந்து, என்னைக் குனியச் சொல்லி, என் காதில் தன் பலம் முழுவதையும் திரட்டிக் கத்தியது. அருவி இரைச்சலில் அதுவும் கேட்கவில்லை.

பிள்ளை என்னை ஒரு நிமிஷம் பாவமாகப் பார்த்தது. பிறகு என் கையைப் பிடித்து, தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனது.